ஏழாம் எண்

பெயரை எழுதக் கூடாது.
விதி அப்படி. ஆகவே அவன் ஏழு.
வந்தபோது ஏழுக்கு நாலு வயது.

நாற்பத்தோரு பிள்ளைகள் எங்கள் ஆய்வில்.
எல்லாருக்கும் தீராத சளி, ஈர இருமல்,
புகைமூட்ட மாதங்களில் உட்கார்ந்தபடியே உறக்கம்.
ஏழுக்கும் அதுதான் என்றிருந்தோம்,
படத்தில் சோப்புக் குமிழி போல ஒன்று தெரியும்வரை.
டாக்டர் நோரைடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
"இது சளி இல்லை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கீழ்மடலை எடுத்தார்கள். கட்டியும் அதோடு போனது.
ஒரே பையன் இரண்டு பட்டியலில் ஏறினான்:
நீளமானதில் நாற்பத்தொன்றில் ஒருவன்,
அரிய கட்டிகளின் பட்டியலில் மூவரில் ஒருவன்.
மூன்று பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது,
ஒரு கோடுகூட வரைய முடியாது
என்று புள்ளியியல்காரர் மின்னஞ்சல் அனுப்பினார்.
முக்கோணம் வரையலாமே என்று பதில் எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கியவள் நான்.
பதினான்கு பக்கம்.
'காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.'
ஏழின் அப்பா அந்த வரியை விரலால் தொட்டு
இரண்டு தடவை படித்தார்.
பிறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்,
இரவு ஷிஃப்ட் முடித்து முதல் ஃபெரியில் வந்திருந்தார்.
"விலகினாலும் மருந்து குடுப்பீங்கதானே?"
"குடுப்போம்."
"அப்ப சரி."
கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடித் தந்தார்.
"பசியாறிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஆறு வயதில் ஊதக் கற்றான்.
திரையில் எட்டு மெழுகுவத்திகள் எரியும்.
ஊது ஊது ஊது, விடாதே, இன்னும், இன்னும்...
நான் கத்துவது லிஃப்ட் வரை கேட்குமாம்.
ஐந்தை அணைப்பான்.
ஒருநாள் மிச்சம் மூன்றைப் பார்த்துக்கொண்டே
"அது எரியட்டும் அக்கா. எல்லாம் அணைஞ்சா இருட்டாயிடும்" என்றான்.
ஐந்து என்று பதிந்தேன்.
மற்றதைப் பதியக் கட்டம் இல்லை.

அப்புறம் மூன்று தவணை வரவில்லை.
கடிதம் திரும்பி வந்தது. வீடு மாறிவிட்டார்களாம்.
தொலைபேசியை எடுத்தவர்
பாலிக் பூலாவில் டுரியான் விற்கும் ஊய் கெங் ஹுவாட்.
எண்ணைப் போன மாதம்தான் வாங்கினாராம்.
மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைக்க வேண்டும்,
பதிவில் உள்ள எண்ணை.
பதிவில் இருந்தது அந்த எண்தான்.
இரண்டாம் முறை அவர் சிரித்தார்.
மூன்றாம் முறை பழத்தின் விலை சொன்னார்.
நான்காம் முறை நான் வாய் திறக்குமுன் மலாயில் கேட்டார்:
"பையன் கிடைச்சானா?"

பையன் என்று எப்போது சொன்னேன்?
சொல்லியிருக்கக் கூடாது.

இல்லை என்றேன்.
கடைப்பக்கம் எந்தப் பிள்ளை இருமினாலும்
தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாராம்.
"எந்த மாதிரி இருமல்?"
நனைந்த சாக்கைத் தரையில் இழுப்பதுபோல், என்றேன்.
மலாயில் அது சரியாக வந்ததா தெரியவில்லை.
"சாக்கு. நனைஞ்சது" என்று
அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார், எழுதுகிறவரைப் போல.

ஆய்வு இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது.
உயிருடன். இறப்பு. தொடர்பு அறுந்தது.
மூன்றில் ஒன்றைச் சொடுக்கினால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.
கடைசிக் கட்டத்தைச் சொடுக்கினேன்.
அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

விதிப்படி இனி அழைக்க வேண்டியதில்லை.
அதைச் சொல்லத்தான் அழைத்தேன்.
கொஞ்ச நேரம் எதிர்முனையில் லாரி சத்தம் மட்டும்.
"மகள் புது நம்பர் வாங்கச் சொல்றா, மலிவாம்" என்றார்.
"நான் மாத்தல.
அவங்க அப்பா பழைய நம்பர்தானே, என்னைக்காவது
அடிச்சுப் பார்த்தா?"